தர்ஷினி அக்காவின் மழையில் இரண்டு குறைந்த கதை

செய்தி வந்தபோது நான் பதுளையில், டியூஷன் வகுப்பின் வாசலில், பாதி தின்ற பணிஸோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா போனில் பேசினார். "தர்ஷினி போயிருச்சும்மா" என்றார். "இன்னிக்காவது ரயிலப் புடிச்சிச்சா?" என்று கேட்டேன். பல்கலைக்கழகத்துக்குப் புறப்படும் நாளெல்லாம் காலை ரயிலைத் தவறவிட்டு பஸ்ஸில் போகிறவர் அக்கா. அதை வைத்து நான் நாலு வருஷமாகக் கேலி செய்துவந்தேன். அப்பாவுக்குப் பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது. "பெரியாஸ்பத்திரிக்கு வா" என்று மட்டும் சொன்னார். நடந்து போனேன். பணிஸைக் கீழே போடவுமில்லை, தின்னவுமில்லை. பெரியம்மாவின் முன்னால் போய் நின்றபோதும் அது கையில்தான் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. வராததைப் பற்றிச் சிலர் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. பல் பிடுங்குவதற்கு முன் விறைப்பு ஊசி போடுவார்களே, அதற்குப் பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பது போல இருக்கிறது. கன்னம் இருக்கிறது. வலிதான் இல்லை.

கருமாதிக்குத் தோட்டத்து மன்றத்துப் பிள்ளைகள் நினைவு மலர் போடுகிறார்கள். "நீதான் எழுதணும் ஜீவா. ஆனா நக்கல் வேணாம். 'சொன்னாள்'னு எழுதாத, 'சொன்னார்'னு எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா உயிரோடு இருந்தபோது நான் நீ, வா, போ என்றுதான் பேசினேன். போன பிறகு ஒரு 'ர்' சேர்ந்திருக்கிறது. கேட்டிருந்தால், "இந்த மரியாதைக்கு முப்பத்தோரு வருஷம் காத்திருக்கணுமாடி" என்றிருப்பார்.

தர்ஷினி அக்கா என் பெரியம்மாவின் ஒரே மகள். மேல் லயத்து வரிசையில் அவர்கள் வீடு, கீழ் லயத்து வரிசையில் எங்கள் வீடு. எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யப் போன முதல் ஆள். அது என்ன படிப்பு என்று தெரியாமல் டாக்டர் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு முழங்காலைக் காட்ட வந்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களிலேயே பலர் இருப்பீர்கள். அக்கா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "எனக்கு மண்ணுக்குத்தான் வைத்தியம் தெரியும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்பார். எவ்வளவு மழைக்கு எந்தச் சரிவு வழுக்கும் என்பதுதான் அவருடைய ஆய்வு. மழைக்காலத்தில் சாமான்களை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தூங்குகிற நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்காகத்தான் இந்த வருஷம் வீட்டுக்கு வந்திருந்தார். முன்னறையில் பெரியம்மாவின் பழைய தையல் மெஷின் மீது லேப்டாப்பை வைத்துக்கொள்வார். யோசிக்கும்போது கால் தானாக மிதிக்கும். ஊசி இல்லாத மெஷின் கடகடவென்று ஓடும். சத்தம் நின்றால் ஒரு வாக்கியம் வந்துவிட்டது என்று அர்த்தம். "ஆய்வுக்கும் ஓய்வுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், அந்த எழுத்துதான் ஒன்னக் கொல்லுது" என்று ஒருநாள் சொன்னேன். இதை இப்போது எழுத எனக்குக் கூசுகிறது. ஆனால் சொன்னேன். அக்கா சிரித்தார்.

அக்காவுக்கு அப்போது எழுத வராது. அவரே சொன்னதுதான். முதல் முறை எழுதி அனுப்பியதைப் பேராசிரியர் திருத்தித் திருப்பி அனுப்பியபோது பக்கம் முழுக்க சிவப்பு. "தேர்த் திருவிழா மாதிரி இருக்கு" என்றேன். அக்கா இரண்டு நாள் அந்தப் பக்கங்களைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, வெறும் தாளில் வரைபடங்களை மட்டும் வரைந்தார். முதலில் படம், அந்தப் படத்தில் என்ன தெரிகிறது என்பது அடுத்து, அதை எப்படி அளந்தோம் என்பது அதற்கும் அடுத்து, முன்னுரை எல்லாவற்றுக்கும் கடைசியில். பேராசிரியர் அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தாராம். "வீட்டக் கூரையிலேருந்து கட்டுறியா?" என்று கேட்டேன். "கதவக் கடைசியாத்தானடி மாட்டுவாங்க" என்றார்.

இங்கிலீசில் யோசித்தால் வாக்கியம் நொண்டுகிறது என்று முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பார். அதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, என்னைக் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. "நீ இந்தத் தோட்டத்துலயே பொய் சொல்றதுல கெட்டிக்காரி. நான் எந்த எடத்துல பொய் சொல்றேன்னு நீதான் கண்டுபிடிப்ப" என்றார். அது உண்மை. அதிபரின் குரலில் பேசி ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பியவள் நான். பொய் சொல்கிறவன் எந்த இடத்தில் வேகமாகப் பேசுவான், எந்த இடத்தில் தேவையில்லாமல் நீட்டுவான் என்று எனக்குத் தெரியும். அக்கா படிக்கப் படிக்க, "இங்க நீட்டுற" என்பேன். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அவருக்கு ஏதோ தெரியாமல் இருக்கும். "தெரிஞ்சத ஒரு வரியில சொல்லிறலாம். தெரியாததுக்குத்தான் ஒரு பக்கம் வேணும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அழிப்பார்.

இனி நான் எழுதப்போவதுதான் விஷயம்.

போன மழைக்காலத்துக்கு முன், அக்கா ஆறு வீடுகளுக்கு மழை அளக்கும் குழாய் கொடுத்தார். மேல் லயத்தில் மூன்று, கீழ் லயத்தில் மூன்று. தினமும் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கீழ் லயத்தில் ஒரு குழாய் மருதாயி அத்தை வீட்டில் இருந்தது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்புள்ள, தண்ணி எட்டுல நிக்குது. எட்டுன்னே எழுதிறலாமா?"

நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னேன். "எட்டா? குழாய்க்கு ரெண்டு கழிக்க வேணாமா அத்தை? ஆறுன்னு போடுங்க."

அத்தை சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அதானே பாத்தேன்" என்று சொல்லி ஆறு என்று எழுதினார்.

நிறுவை மடுவத்தில் நம் கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று கழித்துத்தான் எழுதுவார்கள். அத்தை முப்பது வருஷமாக அப்படித்தான் நிறுத்துக் கொடுக்கிறார். கழிக்காமல் எழுதிய ஒரு நிறுவையை அவர் பார்த்ததே இல்லை. அதனால்தான் என் நக்கல் அவருக்கு நக்கலாகத் தெரியவில்லை. சாயந்தரம் வந்து உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்துப் பள்ளிக்கூடம் போனேன், மறந்துவிட்டேன். அத்தை பக்கத்து இரண்டு வீட்டுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மழைக்காலம் முழுக்கக் கீழ் லயத்தின் மூன்று வீடுகளும் இரண்டு இரண்டாகக் கழித்தன.

சித்திரை முடிந்த சமயத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினார். அவர் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"ஒரே தோட்டம்டி. நடுவுல ஒரு மேடுதான் இருக்கு. ஆனா கீழ் லயத்துல கிட்டத்தட்ட எல்லா நாளும் மழை கொறையுது. தொழிற்சாலைல இருக்கிற ஒரு குழாய மட்டும் பாத்து மண்சரிவு எச்சரிக்கை குடுத்தா சரிவராதுன்னு இதவெச்சுச் சொல்லலாம். சாரே சந்தோஷப்பட்டாரு. பேப்பர் இதுதான்."

"எவ்வளவு கொறையுது?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட ரெண்டு மில்லிமீட்டர்."

நான்கு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். அக்காவே கீழே இறங்கி வந்து, அச்சடித்த கட்டுரையை என் மடியில் போட்டார். "திங்கக்கெழம அனுப்புறேன். எங்கயாவது பொய் இருக்கா பாரு."

நான் இரண்டு என்ற எண்ணின் மேல் விரலை வைத்தேன். "இங்க இருக்கு. இது நான் சொன்ன பொய்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பேனாவை எடுத்தார். அடிக்கப் போகிறாரோ என்றுகூட நினைத்தேன். அவர் எழுதிக்கொள்ளத்தான் எடுத்திருந்தார். எப்போது சொன்னேன், மருதாயி அத்தையிடம் மட்டுமா, எட்டு என்று சொன்னது நிச்சயமா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கடைசியாக, "அத்தை சிரிச்சாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ம்" என்றார். அதை அடிக்கோடிட்டார்.

அன்று சாயந்தரமே ஆறு வீட்டுக்கும் போய்த் தனித்தனியாகக் கேட்டார். நானும் கூடப் போனேன். கடைசியாக அவர்கள் வீடு. பெரியம்மா அடுப்படியில் இருந்தார்.

"அம்மா, நீங்க கொழாயப் பாத்து எப்படி எழுதுனீங்க?"

"கோட்டப் பாத்து, ஒன்னு கழிச்சு எழுதுனேன். ஈரம் ஒட்டியிருக்கும்ல."

"யாரு கழிக்கச் சொன்னா?"

"யாரு சொல்லணும்?"

"வானத்துலருந்து வர்ற மழைம்மா அது. அதுலயுமா கழிப்பீங்க?"

"கழிக்காம எழுதுனா எவன் ஒத்துக்குவான்?" என்றார் பெரியம்மா, பருப்பைக் கிளறிக்கொண்டே.

அக்கா வாசற்படியில் போய் உட்கார்ந்தார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பேராசிரியர், அந்த வீடுகளின் அளவுகளை விட்டுவிடு, இருக்கிறதை வைத்துச் சின்னதாக எழுது என்று சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கட்டுரையை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொன்று எழுதத் தொடங்கினார். அதற்காக மறுபடியும் ஒரு மாதம் ஆறு வீட்டுக்கும் விடியற்காலையில் போய், அவர்கள் பார்க்கும் முன் தான் ஒருமுறை பார்த்து எழுதிக்கொண்டார். "கழிக்காதீங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சிச்சு, எதுக்கு இந்த நட?" என்று கேட்டேன். "சொல்லிட்டா எவ்வளவு கழிக்கிறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஒன்று, இரண்டு என்று பெய்த தூறலெல்லாம் நோட்டில் சைபராகிப் போயிருந்தது. "பெரிய மழைய எல்லாரும் பாத்துக்குவாங்க ஜீவா. பத்து நாள் தூறல் நின்னு பெய்ஞ்சாத்தான் மண்ணு உள்ளுக்க ஊறும். அதத்தான் நாம கழிச்சிட்டோம்." இதைச் சொல்லும்போது 'நாம' என்றார். நான் கவனித்தேன். மாதம் முடிந்த பிறகு ஆறு வீட்டுக்கும் போய், இனிக் கழிக்க வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினார்.

கட்டுரை முடிந்தபோது எங்களுக்குள் ஒரு சண்டை. அளந்த முறையைச் சொல்லும் பகுதியில், 'அறிவுறுத்தல் போதிய அளவு தெளிவாக வழங்கப்படவில்லை' என்று எழுதியிருந்தார். "யாரு வழங்கல? ஆளையே காணோமே" என்றேன். அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினார். 'ஆய்வாளர் அறிவுறுத்தலை ஒருமுறைதான் விளக்கினார்.'

"இது பொய்."

"எந்தச் சொல்லு பொய்? நான் ஒருதடவதான் சொன்னேன். ரெண்டாந்தரம் போய்ப் பாக்கல."

ஒரு சொல்லும் பொய் இல்லை. "உண்மைய வெச்சே பொய் சொல்ற" என்றேன்.

"பரீட்சை வருது ஒனக்கு. ஒன் பேரு இதுல வேணாம். போய்ப் படி." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. கட்டுரை அப்படியே போனது.

மூன்று வாரம் கழித்து, நான் பதுளைக்குக் கிளம்பிப் போன பிறகு, அக்கா காலையில் பல் துலக்கும்போது தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கீழே விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பிறந்ததிலிருந்தே பலவீனமாக இருந்திருக்கிறது, அது வெடித்துவிட்டது என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். பிறந்ததிலிருந்தே. இந்தச் சொல்லைத் தயவுசெய்து இன்னொரு தரம் படியுங்கள்.

ஏனென்றால் சாவு வீட்டில் வேறொன்று பேசினார்கள். அந்தப் புள்ள யோசிச்சு யோசிச்சே நரம்பு வெடிச்சிருச்சு, மழை அளந்ததில மருதாயி தப்பா சொல்லிக்குடுத்திச்சாம், திரும்ப மொதல்லருந்து செய்ய வேண்டியதாப் போச்சாம் என்றார்கள். மருதாயி அத்தை வாசலுக்கு வெளியே, கொட்டகைக்கும் வெளியே, மழையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை. "என் புத்திக்கு ரெண்டு கழிச்சு வெச்சேன். அந்தப் புள்ள மூஞ்ச நான் எப்படிப் பாப்பேன்" என்றார். யார் கழிக்கச் சொன்னது என்பது அத்தைக்கு நினைவே இல்லை. அது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாக இருந்ததில்லை. நான் கொட்டகைக்குள், நனையாத இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறக்கிறேன். மேல் லயத்திலும் கீழ் லயத்திலும் இருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். மருதாயி அத்தையை இரண்டு கழிக்கச் சொன்னது நான். அத்தையின் தப்பு இல்லை. அக்கா போனதற்கும் மழைக்கும் சம்பந்தமில்லை.

அடக்கத்துக்கு வந்த பேராசிரியர் ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டுப் பேசினார். ஆய்விதழில் கட்டுரையை ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்களாம். படித்துப் பார்த்தவர்களில் ஒருவர், கழிக்கும் பழக்கம் எப்படித் தொடங்கியது என்று தெளிவாகச் சொல்லும்படி கேட்டிருக்கிறாராம். அக்காவின் குறிப்பில் என் பெயர் இருந்ததாம். ஒரு வாக்கியம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதினேன். 'கீழ் லயத்தில் இரண்டு கழிக்கும்படி ஆய்வாளரின் உறவினர் ஒருவர் விளையாட்டாகச் சொன்னார். அது விளையாட்டு என்பதை அவர் பிறகு அந்த வீடுகளுக்குத் தெரிவிக்கவில்லை.' முதல் பாதி பத்து நிமிஷத்தில் வந்தது. இரண்டாம் பாதிக்கு நான்கு நாள் ஆனது. என் பெயரையே போடச் சொன்னேன். அது வழக்கமில்லை என்றார்.

நேற்று, இந்த மலர் அச்சுக்குப் போவதற்கு முன், மருதாயி அத்தை வீட்டுக்குப் போனேன். எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினேன். அத்தை கூடையைப் பின்னுக்கு மாட்டும் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டார்.

"நீதானா?"

"ஆமாங்க அத்தை."

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா, நீதான்னு?"

"தெரியும். நானே சொன்னேன்."

"திட்டுச்சா?"

"இல்ல."

கயிற்றை இழுத்துப் பார்த்தார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டார்.

"திட்டியிருக்கணும்" என்றார். "நான் திட்டுவேன்னு பாத்துக்கிட்டு நிக்காத. என்கிட்ட நாலு வாங்கிக்கிட்டு நீ லேசாப் போயிருவ. போ."

வந்துவிட்டேன். அக்காவின் லேப்டாப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. நோட்டுகள் பேராசிரியரிடம் இருக்கின்றன. சேலைகளைப் பெரியம்மா யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். என்னிடம் இருப்பது, அக்கா என்னைத் திட்டாமல் விட்டுவிட்டுப் போன அந்தத் திட்டு. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.